திருவனந்தபுரத்தில் பேக்கர் கட்டிடங்கள்: ஒரே நாளில் எதைப் பார்ப்பது, எதை வீட்டுக்கு எடுத்துவருவது?

நாகர்கோவில் பக்கம் ஆறு சென்ட் மனையில் வீடு கட்டப்போகிறவர் கேட்டிருக்கிறார். ஒரு நாள் திருவனந்தபுரம் போனால் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கரின் கட்டிடங்களில் எதையெல்லாம் பார்க்கலாம், உள்ளே விடுவார்களா, அதே மாதிரி செங்கலைப் பூசாமல் விட்டுக் கட்டலாம் என்றால் கொத்தனார் "அதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்கிறாரே, நம்பலாமா என்று. கேள்வி மூன்றாக இருந்தாலும் அவருக்குத் தேவைப்படுவது ஒன்றுதான்: பார்த்ததில் எது நம் மனைக்கு ஆகும், எது ஆகாது. அதை மனதில் வைத்தே வழியையும் சொல்கிறேன். இந்தப் பக்கத்து வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த அளவில்தான் சொல்ல முடியும். உங்கள் மனையின் மண்ணைப் பார்க்காமல் அஸ்திவாரத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது, நானும் பேசவில்லை.

பேக்கர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-இல் பிறந்தவர். தொழுநோயாளிகளுக்கான பணியில் இந்தியா வந்தார், டாக்டர் எலிசபெத்தை மணந்தார், இமயமலைப் பக்கம் பிதோராகரில் பல வருடம் இருந்துவிட்டுக் கடைசியில் திருவனந்தபுரத்தில் தங்கிவிட்டார். 1990-இல் பத்மஸ்ரீ, 2007-இல் மறைவு. இவ்வளவு போதும். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் வேறு: அவர் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு ஆபீசில் உட்காருகிறவர் இல்லை. வேலை நடக்கிற இடத்தில் நின்று, கைக்குக் கிடைத்த பழைய காகிதத்தில் வரைந்து, கூடவே இருந்த கொத்தனார்களை வைத்துக் கட்டினார். நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு சுவருக்கும் இது அடிப்படை. கடைசியில் இதற்கே திரும்ப வருவேன்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். வேலைநாளாக இருக்கட்டும். ஞாயிறும், கேரளத்து அரசு விடுமுறையான இரண்டாம் சனியும் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஹர்த்தால் (கடையடைப்பு) ஏதும் உண்டா என்று களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். கும்ப மாதத்தில் (நம் மாசி) ஆற்றுக்கால் பொங்கல் நாளில் போனால் தெருவெல்லாம் அடுப்புதான், வண்டி நகராது. (அந்த அடுப்புச் செங்கலை மாநகராட்சி சேகரித்து ஏழைகள் வீட்டுக்குக் கொடுக்கிறது என்பது வேறு விஷயம், பேக்கருக்கு அது நிச்சயம் பிடித்திருக்கும்.) எல்லாரும் வெயில் நாளாகப் பார்த்துப் போகச் சொல்வார்கள். படம் எடுக்கத்தான் என்றால் சரி. வீடு கட்டப்போகிறவர் மழை நாளில் போகவேண்டும். ஜூன், ஜூலையிலோ ஐப்பசி மழையிலோ போனால், செங்கலை விட்டு விட்டு அடுக்கிய துளைச் சுவர் வழியாகச் சாரல் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும்.

காரில் போவதாக இருந்தால் தக்கலையில் இறங்கி பத்மநாபபுரம் அரண்மனையை முதலில் பார்த்துவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே மர அழியின் (மரச் சட்டங்களால் ஆன தடுப்பின்) பின்னால் நின்று பாருங்கள். வெளியில் இருப்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார், உள்ளே கண் கூசாது, காற்று மட்டும் வந்துகொண்டே இருக்கும். கூரை நன்றாகத் தாழ்ந்து இறங்கி அழியை மழையிலிருந்து மறைத்திருக்கும். பேக்கரின் செங்கல் ஜாலி, அதாவது அந்தத் துளைச் சுவர், செய்கிற வேலையும் இதேதான், மரம் கட்டுப்படியாகாத காலத்தில். இந்தக் கூரை இறக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாலியைக் காப்பியடித்துவிட்டுக் கூரையை விட்டவர்களுடைய வீடுகள்தான் ஒழுகுகின்றன.

பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் இன்னும் சுலபம். இரண்டும் தம்பானூரில்தான் கொண்டுவிடும், பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் எதிரெதிரே. பஸ் ஸ்டாண்டை ஒட்டியே செங்கல் நிறத்தில் சுருள் சுருளாக மேலேறும் உருளைதான் இந்தியன் காபி ஹவுஸ். அனுமதி கேட்கவேண்டாத, ஒரு காபி விலையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கக்கூடிய பேக்கர் கட்டிடம் இது. அதனால் இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். காலைப் பலகாரக் கூட்டம் கலைந்த பிறகு, பத்து மணியிலிருந்து பதினொன்றரைக்குள் நல்ல நேரம். மத்தியானம் போனால் உங்கள் மேசைக்குப் பின்னால் ஆள் நிற்பார்கள்.

உள்ளே மாடிப்படி கிடையாது, மாடி என்று தனியாகவும் கிடையாது. சரிவான தளம் ஒன்று நடுத்தூணைச் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே போகிறது. கழிப்பறை போன்றவை நடு உருளைக்குள், மேசைகள் வெளிச்சுவரை ஒட்டி. குறுகலான மனையில் தனி மாடிகளும் படிக்கட்டும் வைத்திருந்தால் பாதி இடம் நடைபாதைக்கே போயிருக்கும். இங்கே நடைபாதையே உணவுக்கூடமாகிவிட்டது. ஒரு சுற்று ஏறி உட்காருங்கள், வயதானவர்கள் கூட இருந்தால் அதற்கு மேல் ஏற்றவேண்டாம். மேசையும் பெஞ்சும் கட்டிடத்தோடு சேர்த்தே கட்டியவை, நகர்த்த முடியாது. தளம் சரிகிறது, மேசை மட்டமாக இருக்கிறது. இந்த வித்தியாசத்தை எங்கே சமாளித்திருக்கிறார்கள் என்று காலடியில் பாருங்கள். முழங்கைப் பக்கம் சுவரில் இருக்கும் துளைகளைப் பாருங்கள். கண்ணாடி, சட்டம், கதவு எதுவும் இல்லை. செங்கலை விட்டு விட்டு வைத்ததுதான் ஜன்னல். தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் பீட்ரூட் போட்ட சிவப்பு மசாலாவோடு தோசை கொண்டுவருவார், அதையும் விடவேண்டாம்.

வட்டச் சுவர் அழகுக்காக மட்டும் இல்லை. நூறு சதுர அடி சதுர அறைக்குச் சுற்றுச்சுவர் நாற்பது அடி. அதே நூறு சதுர அடியை வட்டமாக்கினால் முப்பத்தைந்தரை அடிதான். சுவரிலேயே பத்துக்கு ஒன்றுக்கும் மேல் மிச்சம். வளைந்த சுவர் தானாகவே விறைப்பாக நிற்கும், மெல்லியதாகக் கட்டினாலும் சாயாது. ஆனால் உங்கள் வீட்டில் வட்ட அறை வைக்க நான் சொல்லமாட்டேன். கட்டிலும் பீரோவும் நேராகத்தான் செய்து வருகின்றன. சுவரில் மிச்சப்பட்ட இடம் மூலைகளில் வீணாகிவிடும்.

அடுத்தது உள்ளூர் என்ற பகுதியில், பிரசாந்த் நகரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம், எல்லாரும் சி.டி.எஸ். என்பார்கள். பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தொடங்கிய நிறுவனம், 1970-களின் தொடக்கத்திலிருந்து பேக்கர் அங்கே கட்டினார். தம்பானூரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர், மெடிக்கல் காலேஜ் பக்கம் போகும் பஸ் எல்லாம் ஏறத்தாழ அருகில் விடும். இது ஆராய்ச்சி நிறுவனம், சுற்றுலா இடம் இல்லை. முன்கூட்டியே எழுதி, யார் வருகிறீர்கள், எதற்கு என்று சொல்லி அனுமதி வாங்கிப் போவதுதான் முறை. வாசலில் நின்று கெஞ்சினால் விடலாம், விடாமலும் போகலாம். அதை நம்பி ஒரு நாளை வீணாக்கவேண்டாம். உள்ளே போனால் வகுப்பறை, விடுதிப் பக்கம் குரலைத் தாழ்த்துங்கள், ஆட்களைப் படம் எடுக்காதீர்கள்.

நூலகக் கோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரம் வரை மழை தெறிக்கிற பகுதியில் செங்கல் எப்படி இருக்கிறது, கருங்கல் பீடம் எங்கே முடிந்து செங்கல் எங்கே தொடங்குகிறது, ஜாலித் துளைகளின் அடியில் கறை இருக்கிறதா, கைப்பிடிச் சுவரின் உச்சியில் பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துச் சுவரையும் கூரை இல்லாத இடத்துச் சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பூசாத செங்கல் அரை நூற்றாண்டில் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கொத்தனாருக்கும் உங்களுக்கும் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வளாகம் சரிவான நிலத்தில் இருக்கிறது. நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாமல், மரங்களை விட்டுச் சுவர்களை வளைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஏசி போடலாமா என்ற சந்தேகமும் உங்களுக்கு வரும். அதற்கான பதில் அங்குள்ள கம்ப்யூட்டர் மையத்திலேயே இருக்கிறது. ஜாலி வைத்த அறையில் குளிர்சாதனம் நிற்காது, காற்றெல்லாம் வெளியே போய்விடும். பேக்கர் அங்கே இரட்டைச் சுவர் வைத்தார். வெளியே ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களாக ஜாலிச் சுவர், உள்ளே மூடிய அறை. வெயிலை வெளிச்சுவர் வாங்கிக்கொள்கிறது, உள்ளே வேண்டிய அளவு குளிர்ச்சியை அடைத்து வைக்கலாம். வீட்டுக்கு இதைச் சுருக்கிச் சொன்னால், படுக்கையறைக்குச் சாதாரண ஜன்னல், படிக்கட்டு, சமையலறைப் பின்கட்டு, வராந்தாவுக்கு ஜாலி.

கேசவதாசபுரம் சந்திப்பில் சாலை பிரிகிறது. எம்.சி. ரோட்டில் போனால் நாலாஞ்சிறை, அங்கே பாறைச் சரிவில் பேக்கர் தனக்காகக் கட்டிய வீடு, பெயர் ஹாம்லெட். அது ஒரு குடும்பத்தின் வீடு, அழைப்பில்லாமல் கேட்டைத் தட்டக்கூடாது. மற்றப் பிரிவில் உள்ளூரைத் தாண்டினால் ஸ்ரீகாரியம், அங்கே லயோலா வளாகத்தில் தேவாலயமும் அரங்கமும். உயரமான செங்கல் சுவர்களில் ஜாலி வைத்து வெளிச்சத்தையும் ஒலியையும் எப்படிச் சமாளித்தார் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளி வளாகம், ஆகவே இதற்கும் முன் அனுமதி வேண்டும். செங்கல்சூளை என்று முன்பு அழைக்கப்பட்ட ராஜாஜி நகர்க் குடியிருப்பிலும் அவர் வேலை செய்தார். மக்கள் நெருக்கமாக வாழும் இடம், கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நுழைகிற இடம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. திருவனந்தபுரத்தில் பூசாத செங்கல் கட்டிடம் எதைக் காட்டினாலும் ஆட்டோக்காரர் "பேக்கர் பில்டிங்" என்பார். பல அவருடையவை அல்ல. 1985-இல் கேரள முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், கே.என். ராஜ், பேக்கர் முதலியோர் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்போர்ட் என்ற கட்டுமான அமைப்பு கட்டியவை நிறைய, வெறுமனே பார்த்துச் செய்தவை அதைவிட நிறைய. உங்களுக்கு அதனால் நஷ்டமில்லை. சாதாரணக் குடும்பம் குடியிருக்கும் காஸ்ட்போர்ட் வீடு ஒன்றைப் பார்க்க ஏற்பாடு செய்ய முடிந்தால், அது கோபுரத்தைப் பார்ப்பதைவிடப் பயன்படும். வீட்டுக்காரம்மாவிடம் கொசு, தூசி, பல்லி, ஒழுக்கு நான்கையும் கேளுங்கள். நகருக்கு வெளியே விளப்பில்சாலையில் லாரி பேக்கர் மையம் இருக்கிறது, மண்ணும் மூங்கிலும் வைத்துக் கட்டிய கட்டிடங்களையும் அங்கே பார்க்கலாம், பயிற்சியும் நடத்துகிறார்கள். ஆனால் அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

பேக்கர் தவிர வேறு நவீனக் கட்டிடம் வேண்டும் என்றால், திரும்பும் வழியில் கோவளம். கட்டிடக் கலைஞர் சார்லஸ் கொரியா 1969-க்கும் 1974-க்கும் இடையில் கட்டிய கடற்கரை ஓட்டல் குன்றின் சரிவில் படிப்படியாக இறங்குகிறது, குன்றின் தலைக்கு மேல் எழவில்லை. இப்போது ஆடம்பர ஓட்டல், சாப்பிடப் போனால்தான் உள்ளே. 1998-இல் திறந்த சட்டமன்றக் கட்டிடத்தைச் சாலையிலிருந்தே பார்த்துவிடலாம். கேரள மரபின் சாயலைக் கான்கிரீட்டில் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பது தெரியும். என் கண்ணுக்கு அது கனமாகத்தான் தெரிகிறது.

இனி கொத்தனார் சொன்னது. அவர் சொல்வதில் பாதி சரி. பேக்கர் சுவர்களில் பெரும்பாலும் பேசப்படுவது எலிப்பொறிக் கட்டு, நம் ஆட்கள் ராட் ட்ராப் என்பார்கள். ஒன்பது, நாலரை, மூன்று அங்குலச் செங்கலைப் படுக்கவைக்காமல் மூன்று அங்குலப் பக்கத்தில் நிறுத்தவேண்டும். சுவரின் இரு முகத்திலும் நீளவாக்கில் ஒவ்வொரு கல், நடுவில் மூன்று அங்குலம் காலி. அடுத்து ஒரு கல் குறுக்கே, இரு முகத்தையும் இணைத்து. மறுபடி நீளவாக்கில் இரண்டு. மேல்வரியில் குறுக்குக் கல் கீழ்வரி நீளக்கல்லின் நடுவில் வரவேண்டும். கலவைக் கனத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், பன்னிரண்டு அங்குல நீளம், நாலரை அங்குல உயரத்துக்கு மூன்று கல். நூறு சதுர அடிச் சுவருக்கு 800 கல். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவருக்கு 1,067. செங்கலில் கால்பங்கு மிச்சம் என்பது இப்படித்தான் வருகிறது, இது உறுதி.

கெடுவது எங்கே என்றால், முதலில் கல். குறுக்குக் கல்லின் நீளம்தான் சுவரின் கனம். ஒரு கல் எட்டே முக்கால், இன்னொன்று ஒன்பதேகால் என்றிருந்தால் ஒரு முகம் நேராகவும் மறுமுகம் பல் துருத்திக்கொண்டும் நிற்கும். பிறகு அதை மறைக்கப் பூச்சு, மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். சூளையில் இருந்து இருபது கல்லை எடுத்து வரிசையாக வைத்து அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டாவது, பழகாத ஆள் நடுக்காலியில் கலவையைக் கொட்டிக்கொண்டே போவார். கலவையும் வீண், வெப்பத்தைத் தடுக்கும் காற்றிடமும் அடைந்துபோகும். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு பட்டைப் பலகையை வைத்து மூடிக்கொண்டு கலவை போட்டால் இது நேராது. மூன்றாவது, ஒயரிங். கட்டிய பிறகு வெட்டினால் மூன்று அங்குல முகக் கல் உடையும். குழாயைக் காலியிடத்திலேயே கட்டும்போதே இறக்கவேண்டும், சுவிட்ச் எங்கே என்று அதற்கு முன்பே முடிவாகியிருக்கவேண்டும். அடிவரி, ஜன்னல் அடி, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் உத்தரம்) மட்டம், கதவு ஓரம், கீசரும் ஏசியும் மாட்டும் இடம் எல்லாம் காலியில்லாமல் முழுச் சுவராகக் கட்டவேண்டும்.

கூரைக்கு அவர் பயன்படுத்தியது ஓடு புதைத்த தளம். தளத்தின் கீழ்ப்பாதிக் கான்கிரீட் பெரிதாகச் சுமை தாங்குவதில்லை, அங்கே கம்பிதான் வேலை செய்கிறது. அதனால் கம்பிகளுக்கு நடுவே இரண்டிரண்டு மங்களூர் ஓட்டை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து வைத்துக் கான்கிரீட் போடுவார்கள். ஓட்டைத் தண்ணீரில் நன்றாக ஊறவைக்காவிட்டால் கான்கிரீட்டின் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். சுவரை ஒட்டியும் பீம் மேலும் ஓடு வரக்கூடாது. கம்பி இடைவெளி ஓட்டின் அளவுக்கு ஏற்ப மாறுவதால், ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் வரைந்து கொடுக்காமல் இதைத் தொடவே தொடாதீர்கள். இதில் முப்பது சதவீதம் மிச்சம் என்று யாராவது சொன்னால், அது கான்கிரீட் அளவில் கிடைக்கக்கூடிய உச்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுச் செலவில் அல்ல.

வீடு குளிர்ச்சியாக இருக்குமா என்பதில் இத்தனை டிகிரி குறையும் என்று அடித்துச் சொல்பவர்களை நம்பவேண்டாம். நம் பக்கத்துப் புழுக்கத்தில் ஆறுதல் தருவது முக்கியமாகக் காற்றோட்டமும் கூரையும்தான், சுவர் அதற்கு அடுத்தபடி. செலவிலும் அப்படியே. பேக்கர் காலத்தில் செங்கல் விலைக்கும் ஆள்கூலிக்கும் இருந்த விகிதம் இன்று இல்லை. ஜாலிக்கும் எலிப்பொறிக் கட்டுக்கும் கல் குறையும், கைவேலை கூடும். பழகிய ஆளாக இருந்தால் லாபம், பழகாத ஆளாக இருந்தால் கூலியில் கரைந்துவிடும். கொசுவுக்கு ஜாலியின் உட்பக்கம் கழற்றி மாட்டுகிற சட்டத்தில் வலை போடலாம். நிரந்தரமாக ஆணியடித்தால் தூசியும் சிலந்திவலையும் எடுக்க முடியாமல் ஒரே வருடத்தில் காற்று அடைத்துக்கொள்ளும். மேற்கு, தென்மேற்குச் சுவரில் ஜாலியே வேண்டாம். அந்தப் பக்கம் பூசாமல் விடுவதென்றால் கூரை இரண்டரை அடியாவது நீட்டிக்கொண்டிருக்கவேண்டும்.

ஆகவே, காரில் ஒரு இடத்தைக் கொத்தனாருக்கு ஒதுக்குங்கள். அன்றைய கூலியைக் கொடுத்துக் கூட்டிப்போங்கள். நீங்கள் போட்டோவில் காட்டினால் "ஒத்துவராது" என்பவர், சுவரைத் தொட்டுப் பார்த்து, மட்டம் பார்த்து, எந்த வரியில் எந்தக் கல் என்று தானே எண்ணத் தொடங்குவார். அப்போது அவர் சொல்கிற ஆட்சேபம் வேறு தரத்தில் இருக்கும், அதை எழுதிக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதத்திலும் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். திரும்பி வந்ததும் உங்கள் மனையிலேயே நாலு அடி நீளம், மூன்று அடி உயரத்துக்கு எலிப்பொறிக் கட்டில் ஒரு மாதிரிச் சுவரும், அதில் இரண்டு வரி ஜாலியும் கட்டச் சொல்லுங்கள். நூறு கல்லுக்குள் முடிந்துவிடும். எத்தனை கல், எவ்வளவு கலவை, எத்தனை மணி நேரம் என்று குறித்து வையுங்கள். ஒரு மழைக்காலம் அப்படியே நிற்கட்டும், அதன்பிறகு அவரோடு ரேட் பேசுங்கள்.